அட்டையிலே ஒரு மதம், அகத்திலே ஒரு மதம்

ஒருவருடைய மதம் எங்கே இருக்கிறது? உள்ளத்திலா? ஊரார் வாயிலா? பெற்றவர் குருதியிலா? அல்லது அரசாங்க அலுவலகத்துப் பேரேட்டிலா?

கேள்வி எளிது, விடையும் எளிது. பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும், உள்ளத்தில்தான் என்று தயங்காமல் கூறும். ஆயினும், அந்த எளிய விடையை ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று ஓர் அம்மையார் பத்தாண்டுக் காலம் போராடினார். அலுவலகத்தின் படிகளில் ஏறினார். நீதிமன்றத்தின் படிகளில் ஏறினார். ஒரு மன்றம் மறுத்தபோது அதனினும் உயர்ந்த மன்றத்தை நாடினார். இதற்கு மேல் மன்றமே இல்லை என்ற இடம் வரையிலும் சென்றார். அங்கும் அவருக்குக் கிடைத்தது, 'இல்லை' என்ற ஒரு சொல்தான்.

மலேசிய நாட்டு லீனா ஜாய் அம்மையாரின் வழக்கு அது. 2007-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம் அவ்வழக்கில் இறுதித் தீர்ப்பை வழங்கிற்று. ஆண்டுகள் பல கடந்துவிட்டன. வழக்கு முடிந்துவிட்டது, அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. மனிதனுடைய நம்பிக்கைக்கு உரிமையாளர் யார் என்பதே அக்கேள்வி. இதனை ஒரு நாட்டின் சச்சரவு என்றோ, இரு மதங்களுக்கிடையே எழுந்த பூசல் என்றோ கருதித் தள்ளிவிடுதல் தவறு. மனச்சான்று என்ற ஒன்று மனிதனுக்கு உண்டு என்று நம்புகிற எவரும் விடை தேடியாக வேண்டிய கேள்வி அது.

முதலில் நடந்தது என்ன என்பதைக் காண்போம்.

1964-ஆம் ஆண்டு, மலாய்க் குடும்பமொன்றில், இஸ்லாமியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் அஸ்லினா ஜைலானி. 1990-ஆம் ஆண்டு முதல் மாதாகோயிலுக்குச் செல்லத் தொடங்கினார். 1998-ஆம் ஆண்டு மே திங்களில் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். இடையே எட்டு ஆண்டுகள்! ஒரே இரவில் தோன்றிய ஆசையன்று. ஒரே நாளில் மூண்ட கோபமன்று. பிறந்த வீட்டின் தொழுகை ஒருபுறம், தேடிச் சென்ற ஆலயத்தின் வழிபாடு மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே எட்டு ஆண்டுகள் எண்ணிப் பார்த்த பின்னரே அவர் தண்ணீருக்குத் தலை குனிந்தார். தேர்தலில் வாக்களிக்கும் முடிவை எட்டு நாளில் எடுக்கிறோம். மகளுக்கு மாப்பிள்ளை தேடும் முடிவை எட்டு மாதத்தில் எடுக்கிறோம். எட்டாண்டு எண்ணியெடுத்த முடிவை, தான்தோன்றித்தனம் என்று யார் கூற முடியும்?

பெயரை மாற்றித் தருமாறு 1997-ஆம் ஆண்டிலேயே தேசியப் பதிவு இலாகாவுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டனர். 1998-ஆம் ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தார். 1999-ஆம் ஆண்டு அக்டோபரில், பெயரை மாற்றிக்கொள்ள இசைவு வந்தது. ஆனால் அதே ஆண்டில் ஒரு விதியும் வந்து சேர்ந்தது: முஸ்லிம்களின் அடையாள அட்டையில் அவர்களுடைய மதம் குறிக்கப்பட வேண்டும் என்ற விதி. ஆகவே, புதிய அட்டை கைக்கு வந்தபோது அதில் பெயர் லீனா ஜாய் என்று இருந்தது. மதம் இஸ்லாம் என்று இருந்தது.

அட்டையிலே ஒரு மதம், அகத்திலே ஒரு மதம்! அச்சொல்லை நீக்குங்கள் என்று அம்மையார் வேண்டினார். இஸ்லாத்தை விட்டு நீங்கிவிட்டதாக ஷரியா நீதிமன்றத்திடமிருந்து சான்று கொண்டு வாருங்கள் என்றது அலுவலகம்.

ஓர் அட்டையில் உள்ள ஒரு சொல்தானே, அதற்காக இத்தனை ஆண்டுகள் வழக்காடுவதா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த ஒரு சொல்லின் கனம் என்ன தெரியுமா? மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிவு செய்வது 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம். முஸ்லிம்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. அட்டையில் இஸ்லாம் என்று இருக்கும் வரையில், ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் தம்மைப் போலவே கத்தோலிக்கரான ஒருவரைச் சட்டப்படி மணந்துகொள்ள இயலாது. அவருக்குப் பிள்ளை பிறந்தால் அப்பிள்ளையின் மதம் என்ன, அவர் மறைந்தால் அவர் உடலை எம்முறையில் அடக்கம் செய்வது, அவர் சொத்து யாருக்குச் செல்வது என்று எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லே முடிவு கட்டிவிடும். தொட்டில் முதல் இடுகாடு வரை தொடர்ந்து வரும் சொல்லைச் சிறு சொல் என்று எப்படிக் கூறுவது?

உயர்நீதிமன்றம் 2001-ஆம் ஆண்டு அவர் வழக்கைத் தள்ளிவிட்டது. மலாய்க்காரராகப் பிறந்தவர் இறக்கும் நாள் வரை இஸ்லாத்திலேயே இருப்பவர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. இதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 160-ஆம் பிரிவு. மலாய்க்காரர் என்பவர் யார் என்று அப்பிரிவு இலக்கணம் வகுக்கிறது. இஸ்லாத்தைக் கடைப்பிடிப்பவர், வழக்கமாக மலாய்மொழி பேசுபவர், மலாய் மரபைப் பின்பற்றுபவர் என்பது அந்த இலக்கணம். 2005-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2007-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றமும் அதே கணக்கில் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி அகமது ஃபைரூசும் மற்றொரு நீதிபதியும் ஒருபுறம். நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் தனியாக மறுபுறம். நீதிமன்றத்துக்கு வெளியே திரண்டிருந்த கூட்டத்தார் தீர்ப்பைக் கேட்டு இறைவன் பெயரை உரத்து முழங்கினர்.

அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தன் மதத்தைப் பின்பற்றும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. 'ஒவ்வொருவருக்கும்' என்ற சொல்லுக்கு விலக்கு அங்கே எழுதப்படவில்லை. ஆனால், பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம் வேறுவிதமாக ஓடிற்று. ஒரு மதத்தினுள் வருவதும் வெளியேறுவதும் ஒருவருடைய விருப்பம்போல் நடப்பதன்று. எந்த மதத்தை விட்டு விலகுகிறோமோ அந்த மதம் வகுத்த முறைப்படியே விலக வேண்டும் என்பது அதன் சாரம்.

கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். சங்கத்தை விட்டு விலகுவோர் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவதில்லையா? வேலையை விட்டு விலகுவோர் முதலாளிக்கு அறிவிப்பதில்லையா? உண்டு. ஆனால், சங்கத்தில் நாம் கையொப்பமிட்டுச் சேர்ந்தோம். வேலையில் நாம் ஊதியம் பேசி அமர்ந்தோம். பிறந்த மதத்தில் எந்தக் குழந்தை கையொப்பமிட்டுச் சேர்ந்தது? கேளாமலே உள்ளே வைக்கப்பட்டவர், வெளியே போக மட்டும் விண்ணப்பம் எழுத வேண்டும்! அந்த விண்ணப்பமும் எங்கே செல்கிறது? மதத்தை விட்டு நீங்குவது குற்றம் என்று எழுதிவைத்த மாநிலங்கள் அந்நாட்டில் உண்டு. நீங்க விரும்புவோரைச் 'சீர்திருத்த நிலையத்தில்' அடைத்துவைக்க இடந்தரும் சட்டங்களும் உண்டு. திருடிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் திருடன் அல்லன் என்று சான்று தருவோம் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

நீதிபதி மலஞ்சும் இந்த முரண்பாட்டைத்தான் தம் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துக் காட்டினார். ஷரியா நீதிமன்றச் சான்று கொண்டுவருமாறு கேட்கும்படி விதியில் எங்கும் இல்லை. நீங்குவது குற்றமாக உள்ள இடத்தில் அச்சான்றைக் கேட்பது, தன்னைத்தானே குற்றவாளியாக்கிக் கொள்ளச் சொல்வதாகும். மற்ற மதத்தாரிடம் கேட்காத ஒன்றை முஸ்லிம்களிடம் மட்டும் கேட்பது சமத்துவத்துக்கு மாறு என்று அவர் எழுதினார். அன்று தனித்து நின்ற அந்த நீதிபதி, 2018-ஆம் ஆண்டு அந்நாட்டின் தலைமை நீதிபதியானார். தனித்து நின்ற கருத்து மட்டும் இன்னும் தனித்தே நிற்கிறது.

மறுபுறத்தாரின் வாதங்களையும் நேர்மையோடு எடுத்துப் பார்ப்போம். எதிரியின் வாதத்தை வலுவிழக்கச் செய்து பிறகு வெல்வது வெற்றியாகாது.

முதல் வாதம்: 'அவர் மதம் மாறியது நம்பிக்கையால் அன்று, திருமணத்துக்காக.' அம்மையார் ஒரு கிறித்தவரை மணக்க விரும்பியது உண்மை. ஆயினும் ஒன்று கேட்போம். அதே நாட்டில் முஸ்லிம் ஒருவரை மணக்க விரும்பும் வேற்று மதத்தார் இஸ்லாத்தைத் தழுவியே ஆகவேண்டும். அவர்களிடம், 'நீ திருமணத்துக்காக வருகிறாயா, நம்பிக்கையால் வருகிறாயா?' என்று எந்த அலுவலகம் சான்று கேட்கிறது? உள்ளே வருவோர்க்கு வாய்மொழி போதும். வெளியே போவோர்க்கு மட்டும் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என்பது நம்பிக்கையின் தூய்மையைக் காக்கும் முறையன்று. எண்ணிக்கையைக் காக்கும் முறை.

இரண்டாம் வாதம்: 'எங்கள் இனத்தின் அடையாளமே எங்கள் மதம்; இது அசைந்தால் அது அசையும்.' இவ்வாதத்தை இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. வெள்ளையர் ஆட்சியில், தம் சொந்த மண்ணிலேயே வறியவராக ஒதுங்கி நின்ற மக்கள், தம்மைத் தாமே காத்துக்கொள்ள ஒரு வேலி தேடியது இயல்பு. 1957-இல் விடுதலை பெற்றபோது அவ்வேலி அரசியல் சட்டத்திலேயே கட்டப்பட்டது. ஆனால், வேலி எதற்கு? வெளியிலிருந்து வரும் மாட்டைத் தடுக்கவா, உள்ளே இருக்கும் மனிதரைக் கட்டவா? மலாய்மொழி பேசுகிற ஒரு பெண், மலாய் மண்ணில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், வேறோர் ஆலயத்தில் மண்டியிட்டாள் என்பதனால் அவள் தாய்மொழி அவள் நாவிலிருந்து போய்விடுமா? ஓர் இனத்தின் உயிர் அதன் மொழியிலும் உழைப்பிலும் வாழ்விலும் இருக்கிறது. ஒருத்தி வெளியேறினால் இடிந்து விழும் இனம் என்று சொல்வது, அந்த இனத்துக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

மூன்றாம் வாதம்தான் நெஞ்சைத் தொடுவது: 'பெற்றோரின் வேதனை உங்களுக்குத் தெரியாதா?' தெரியும். தாம் உயிரினும் மேலாக மதிக்கும் நெறியை மகள் விட்டுச் செல்வதைக் காணும் தாயின் கண்ணீர் பொய்யன்று. பல தலைமுறைகள் தொழுத திசையைப் பிள்ளை மறுத்துத் திரும்பும்போது தந்தையின் நெஞ்சு உடைவதும் பொய்யன்று. ஆனால், துயரம் தரும் உரிமை எது? அழும் உரிமை, அறிவுரை கூறும் உரிமை, வாதாடும் உரிமை, வேண்டுமானால் பேசாதிருக்கும் உரிமை. பூட்டும் உரிமையைத் துயரம் எவருக்கும் தருவதில்லை. பெற்றவரின் கண்ணீரை அரசாங்கம் கடன் வாங்கி, அதனைக் கொண்டு மகளின் கதவுக்குப் பூட்டுச் செய்வது பாசத்துக்குச் செய்யும் மரியாதையும் அன்று.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, இஸ்லாம் என்றாலே இப்படித்தான்' என்று எவரேனும் மகிழ்வாரானால், அவர் இந்த வழக்கைப் புரிந்துகொள்ளவில்லை என்றே கூறுவோம்.

குர்ஆனிலேயே, மார்க்கத்தில் வற்புறுத்தலை மறுக்கும் வசனம் உண்டு. 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆம் பிரிவு, மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகக் கூறுகிறது. சவூதி அரேபியா அதனை எதிர்த்து வாதாடி, வாக்களிக்காமல் ஒதுங்கிற்று. ஆனால், பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃப்ருல்லா கான் எழுந்து, குர்ஆனையே சான்றாக வைத்து அப்பிரிவை ஆதரித்துப் பேசினார். லீனா ஜாய் வழக்கிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சார்பில் வழக்கைக் கவனித்து வந்தவர் மாலிக் இம்தியாஸ் என்ற முஸ்லிம் வழக்கறிஞர். அதற்காக 2006-ஆம் ஆண்டு அவருக்குக் கொலை மிரட்டல் விடப்பட்டது. பிறருடைய மனச்சான்றுக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்த முஸ்லிமை மறந்துவிட்டு இஸ்லாத்தைப் பழிப்பது நன்றியில்லாச் செயல்.

அந்த ஜஃப்ருல்லா கானின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அவர் அகமதியப் பிரிவைச் சேர்ந்தவர். 1974-ஆம் ஆண்டு பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அகமதியர் முஸ்லிம்களே அல்லர் என்று எழுதிற்று. 1984-ஆம் ஆண்டின் அவசரச் சட்டமோ, அவர்கள் தம்மை முஸ்லிம்கள் என்று கூறிக்கொள்வதையே குற்றமாக்கிற்று. எண்ணிப் பாருங்கள்! ஒரு நாட்டில், 'நான் முஸ்லிம் அல்லள்' என்கிறாள் ஒருத்தி. 'இல்லை, நீ முஸ்லிம்தான்' என்கிறது அரசு. இன்னொரு நாட்டில், 'நாங்கள் முஸ்லிம்கள்' என்கின்றனர் ஒரு கூட்டத்தார். 'இல்லை, நீங்கள் முஸ்லிம்கள் அல்லர்' என்கிறது அரசு. வெளியே போகிறவரை உள்ளே இழுக்கும் கையும், உள்ளே இருப்பவரை வெளியே தள்ளும் கையும் ஒரே கைதான். உன் உள்ளத்தில் இருப்பது என்ன என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று கூறும் ஆணவத்தின் கை அது.

அம்மையார் சென்று சேர்ந்த கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றைப் புரட்டினாலும் இதே கையைக் காணலாம். 1858-ஆம் ஆண்டு, இத்தாலியின் பொலோனியா நகரில், எட்கார்தோ மொர்தாரா என்ற ஆறு வயது யூதச் சிறுவனைப் போப்பின் காவலர்கள் பெற்றோரிடமிருந்து பறித்துச் சென்றனர். காரணம்? குழந்தையாக நோயுற்றிருந்தபோது வீட்டுப் பணிப்பெண் யாருக்கும் தெரியாமல் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாளாம். தண்ணீர் பட்டுவிட்டது, ஆகவே அவன் கிறித்தவன், கிறித்தவக் குழந்தை யூத வீட்டில் வளரக்கூடாது! தாயின் அலறல் எந்த மன்றத்திலும் ஏறவில்லை. அவர் லீனா ஜாய்க்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்டவர். மதம் வேறு, நாடு வேறு. வாதம் மட்டும் அதுவே. மனிதரைவிடப் பதிவு பெரிது என்ற வாதம்.

அந்தத் திருச்சபை, மத உரிமை மனிதனின் மாண்பிலிருந்து பிறக்கும் உரிமை என்று ஒப்புக்கொண்டு சாசனம் வெளியிட்டது 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் ஸ்பெயினிலும் கோவாவிலும் விசாரணை மன்றங்கள் செய்த கொடுமைகளை உலகம் அறியும். ஆகவே, ஒரு மதம் உரிமையை ஒப்புக்கொள்ளப் பிறந்தது, மற்றொன்று மறுக்கவே பிறந்தது என்று கூறுவதற்கில்லை. அதிகாரம் கையில் இருந்தபோது ஏறத்தாழ எல்லா மதங்களும் பூட்டுப் போட்டன. அதிகாரம் கையைவிட்டு நழுவியபோது பலவும் உரிமையைப் பேசின. திருச்சபை பூட்டைத் திறக்க இத்தனை நூற்றாண்டு ஆயிற்று, ஆனாலும் திறந்தது. அப்படியானால் மற்ற பூட்டுகளும் திறக்கக்கூடியவைதாம்.

நம் வீட்டை மட்டும் விட்டுவிடலாமா? 1981-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் மீனாட்சிபுரத்தில், தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான மக்கள் இஸ்லாத்தைத் தழுவினர். உடனே எழுந்த கேள்வி, 'இவர்களை இத்தனை காலம் இழிவு செய்தது யார்?' என்பதன்று, 'இவர்களுக்குப் பணம் கொடுத்தது யார்?' என்பதுதான்! அங்கே திருமணம் என்று கூறி மனச்சான்றை இகழ்ந்தனர். இங்கே பணம் என்று கூறி இகழ்ந்தனர். 2002-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. கட்டாயத்தைத் தடுப்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால், மதம் மாறுவோர் அரசு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று தொடங்கும்போதே, உள்ளத்தின் வாயிலில் ஒரு காவலாளியை நிறுத்திவிடுகிறோம். லீனா ஜாயின் கையில் கொடுத்த அட்டைக்கும் அந்த அறிவிப்புப் படிவத்துக்கும் அளவில்தான் வேறுபாடு.

1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி, பட்டியல் சாதியார் என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கே உரியதாயிற்று. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ மாறும் ஒடுக்கப்பட்டவர் அத்தகுதியை இழக்கிறார். ஊரார் அவரைப் பார்க்கும் பார்வையில் சாதி அழிவதில்லை. சான்றிதழில் மட்டும் அழிந்துவிடுகிறது. அங்கே போகாதே என்று கதவைப் பூட்டினர். இங்கே போனால் சோறு இல்லை என்று கதவைத் திறந்துவைத்தனர். இரண்டும் மனச்சான்றுக்கு விலை வைக்கும் செயல்களே.

மலேசிய வழக்குகளில் நம் மொழி பேசும் மக்களின் கண்ணீரும் கலந்திருக்கிறது. 1997-ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேறச் சென்ற மலேசியக் குழுவில் இருந்த படைவீரர் மூர்த்தி, 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று கூறி, உடலை மத அதிகாரிகள் கோரினர். அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்றார் மனைவி. ஷரியா நீதிமன்றம் அவரை முஸ்லிம் என்று அறிவித்தது. முஸ்லிம் அல்லாத மனைவிக்கு அம்மன்றத்தில் நின்று பேச இடமில்லை. ஷரியா நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்டவற்றில் பொது நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1988-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் செய்த திருத்தத்தைக் காட்டி, உயர்நீதிமன்றமும் கையை விரித்தது. கணவனின் உடலுக்கு யார் உரியவர் என்ற வழக்கில், மனைவியின் சொல்லைக் கேட்க ஒரு மன்றம்கூட இல்லை!

அடுத்த திங்களே மற்றொன்று நடந்தது. பிறப்பால் மலாய் முஸ்லிமாகப் பதியப்பட்டு, வாழ்நாள் முழுதும் பௌத்தராக வாழ்ந்து, முதிய வயதில் மறைந்த நியோன்யா தாஹிர் என்ற மூதாட்டி, முஸ்லிம் அல்லர் என்று நெகிரி செம்பிலான் மாநில ஷரியா நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. நல்ல தீர்ப்பு. ஆனால், அதைக் கேட்க அந்த மூதாட்டி உயிருடன் இல்லை. இறந்தவர்க்குக் கிடைத்த விடுதலை, உயிரோடு நின்று வாதாடிய லீனா ஜாய்க்குக் கிடைக்கவில்லை. தம் நம்பிக்கை இன்னது என்று தம் வாயாலேயே கூறக்கூடிய ஒருவரை நம்ப மறுத்து, வாய் மூடியவரைப் பற்றி மட்டும் உண்மை காணும் நீதி, மனிதரை நம்பாத நீதி.

மாற்றம் வரவே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். மதம் மாறிய கணவர் 2009-ஆம் ஆண்டு தம் மூன்று குழந்தைகளையும் தாயைக் கேளாமலே மதம் மாற்றிவிட்டார் என்று வழக்காடிய இந்திராகாந்தி என்ற தமிழ்த் தாய்க்கு, 2018-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் அதே கூட்டரசு நீதிமன்றம் வெற்றி அளித்தது. தாய் தந்தை இருவரின் இசைவும் வேண்டும், அந்த மதமாற்றம் செல்லாது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். ஒரு பெண் தோற்ற மன்றத்திலேயே இன்னொரு பெண் வென்றார். குழந்தையின் மதத்தை ஒருவர் மட்டும் முடிவு செய்யக்கூடாது என்று கூறிய நீதி, வளர்ந்த பெண்ணின் மதத்தை அவர் ஒருவர் மட்டுமே முடிவு செய்யலாம் என்று கூறும் நாளும் வரவேண்டும்.

இனி, இந்த ஏட்டைப் படிப்போரில் சிலர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. 'ஒரு பீடத்தை விட்டு மற்றொரு பீடத்தின் முன் மண்டியிட்ட கதைதானே இது? கடவுளையே ஐயுறும் நமக்கு இதில் என்ன அக்கறை?' என்பர். அக்கறை நிரம்ப உண்டு. எந்தக் கதவின் வழியே அவர் மாதாகோயிலுக்குச் செல்ல விரும்பினாரோ, அதே கதவின் வழியேதான் ஐயுறுவோரும் ஆலயமே இல்லாத வெளிக்குச் செல்ல வேண்டும். அவருக்கு அது பூட்டப்பட்டால் ஐயுறுவோர்க்கும் பூட்டப்படும். அவர் சென்ற இடம் நமக்கு உவப்பானதா என்பது வேறு கேள்வி. தன் காலால் நடந்து செல்லும் உரிமை அவருக்கு உண்டா என்பதே முதற்கேள்வி. நமக்குப் பிடித்த இடத்துக்குச் செல்வோரின் உரிமைக்காக மட்டும் வாதாடுவது உரிமைக்காக வாதாடுவதாகாது. நம் கட்சிக்கு ஆள் சேர்ப்பதாகும்.

இறைவனை நம்புவோர்க்கும் ஒன்று கூறுவோம். உள்ளத்தைக் காண்பவன் இறைவன் என்கிறீர்கள். அப்படியானால் அட்டையை யாருக்காக எழுதுகிறீர்கள்? உள்ளத்தைக் காண்பவனை அட்டையைக் காட்டி ஏமாற்ற முடியாது. நம்பாத ஒருவரைப் பட்டியலில் நிறுத்திவைப்பதால் உங்கள் சமயத்துக்கு ஓர் அடியார் கூடவில்லை. ஒரு கைதி கூடுகிறார். ஒவ்வொரு படிவத்திலும் பொய்யை எழுதுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்திவிட்டு, வாய்மையைப் போதிக்கும் மறை எங்களுடையது என்று உரைப்பது எங்ஙனம் பொருந்தும்?

செய்ய வேண்டியது கடினமானதன்று. மனிதருடைய மதம் இன்னது என்பதற்கு அவரே சான்று. அவர் சொல்லே பதிவு. மாறினேன் என்று உறுதிமொழி கூறினால் அரசு அலுவலகம் அதனைக் குறித்துக்கொள்ளட்டும். அதனினும் நன்று, அட்டையில் அந்தப் பத்தியையே நீக்கிவிடுவது. வரி கட்டுகிறாரா, சட்டத்தை மதிக்கிறாரா என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு. எத்திசை நோக்கித் தொழுகிறார் என்றோ, தொழாமலே இருக்கிறார் என்றோ கேட்க என்ன உரிமை? சமயங்களும் தம் மக்களைக் காத்துக்கொள்ளட்டும். அன்பால் காக்கட்டும், அறிவால் காக்கட்டும், ஒழுக்கத்தின் ஒளியால் காக்கட்டும். காவலரால் காக்க வேண்டாம்.

லீனா ஜாய் அம்மையார் வழக்கில் தோற்றார். ஆனால், எந்தத் தீர்ப்பும் அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை நிகழாததாக ஆக்க முடியவில்லை. மூன்று மன்றங்கள், பத்து ஆண்டுகள், கட்டுக் கட்டாக ஏடுகள். அத்தனையும் சேர்ந்து மாற்ற முடிந்தது ஓர் அட்டையைக்கூட அன்று. அதில் இருந்த சொல்லை மாற்றாமல் வைத்திருக்க மட்டுமே முடிந்தது. உள்ளம் எந்த அரசுக்கும் உட்படாத நாடு. அந்நாட்டின் எல்லையில் நின்று, இதற்கு மேல் நமக்கு ஆட்சியில்லை என்று தொப்பியைக் கழற்றி வணங்கித் திரும்பும் அரசே நாகரிக அரசு.